மருந்து கலந்த நீரும் கழிவிலிருந்து எடுத்த கரியும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துப் பள்ளிகளிலும் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டங்களிலும், கழிவுப் பொருளிலிருந்து கரி தயாரித்து நீரிலுள்ள ஆன்டிபயாட்டிக் மருந்தை அகற்றும் முறையைச் சில ஆண்டுகளாக விளக்கி வருகிறேன். வேதியியல் கற்பிப்பது என் தொழில். எங்கே பேசினாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் எழுகின்றன. அவற்றுக்குக் கூட்டத்தில் சொல்ல நேரம் போதாத விடைகளை இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன்.

இது மருந்து ஆலைகள் நிறைந்த ஊர் அல்லவே. நம் ஓடைகளில் ஆன்டிபயாட்டிக் எப்படி வரும்?

பெரும்பகுதி நம் உடல் வழியாகவே வருகிறது. அமாக்சிசிலின் மாத்திரை ஒன்றை விழுங்கினால், அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு சில மணி நேரத்துக்குள் உருமாறாமல் சிறுநீரோடு வெளியேறிவிடும். சிப்ரோபிளாக்சசினில் 40 முதல் 50 விழுக்காடு அப்படிப் போகும். அது கழிவறையிலிருந்து செப்டிக் டேங்குக்கும், அங்கிருந்து உறிஞ்சுகுழிக்கும் செல்கிறது. சமவெளியில் உறிஞ்சுகுழி நீர் மெல்லக் கீழே இறங்கும். இங்கோ வீடுகள் சரிவில் படிப்படியாக அமைந்திருப்பதால், மேல்வீட்டின் உறிஞ்சுகுழி கீழ்வீட்டின் ஊற்றுக்கு மேலே இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த நீர் பக்கவாட்டில் கசிந்து பள்ளத்து ஓடையைச் சேர எத்தனை நாள் ஆகும் என்பதை, சரிவில் வீடு கட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேறு வழிகளும் உண்டு. மடிநோய்க்கு ஊசி போட்ட கறவை மாட்டின் சாணமும் சிறுநீரும் ஒன்று. கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் தோட்டங்களுக்குச் சமவெளிக் கோழிப் பண்ணைகளிலிருந்து லாரியில் வரும் கோழி எரு மற்றொன்று. பயிரின் பாக்டீரியா நோய்க்குத் தெளிக்கும் ஸ்ட்ரெப்டோசைக்ளின் என்பதும் ஆன்டிபயாட்டிக்கே. அதில் ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஒரு பங்கு டெட்ராசைக்ளின். இவ்விரண்டையும் வேளாண்மையில் தடை செய்வதற்கான வரைவு அறிவிப்பை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. கடைசியாக, மீந்த மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டும் பழக்கம்.

அளவைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் இருந்ததாக 2007-இல் வெளியான சுவீடன் ஆய்வாளர்களின் ஆய்வு காட்டியது. அந்த மருந்தை உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது அதிகம். சாதாரண ஊர்க் கழிவுநீரில் நாம் பேசுவது லிட்டருக்குச் சில நானோகிராம் முதல் சில மைக்ரோகிராம் வரையிலான அளவை. பட்டஞ்செருவையும் நம் பள்ளத்தையும் ஒரே தட்டில் வைத்து அச்சப்படுத்துவது முறையல்ல.

அத்தனை சிறிய அளவு நம்மை என்ன செய்துவிடும்?

குடிப்பவரை அது நேரடியாக நோய்ப்படுத்தும் என்று நான் சொல்வதில்லை. ஆபத்து அந்த நீரில் வாழும் பாக்டீரியாக்கள் வழியாக வருகிறது. ஒரு கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான அளவில், சில மருந்துகளைப் பொறுத்தவரை, நூறில் ஒரு பங்கு இருந்தாலே ஆபத்து தொடங்கிவிடும். அந்த மருந்தைத் தாங்கும் கிருமி மற்றவற்றை மெல்ல முந்திப் பெருகும். அந்தத் தாங்குதிறனுக்கான மரபணுவை அது பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகள் நேரடிக் காரணமாக அமைந்த மரணங்கள் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு ஏற்புரையிலேயே, மருந்தைக் குறைந்த அளவில் கிருமிகளுக்குக் காட்டினால் அவை எதிர்ப்புத் திறன் பெற்றுவிடும் என்று எச்சரித்தார். அவர் நோயாளியின் உடலை நினைத்துச் சொன்னார். ஓடையிலும் நடப்பது அதுவே.

காய்ச்சினால் போகாதா? குளோரின் போட்டால்?

காய்ச்சுவது கிருமியைக் கொல்லும், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் சிப்ரோபிளாக்சசின் போன்றவை கொதிநிலையைத் தாங்கும். டெட்ராசைக்ளின் ஓரளவு சிதையும். குளோரின் சில மருந்துகளோடு வினைபுரிந்து அவற்றை வேறு சேர்மங்களாக மாற்றும். அந்தப் புதிய சேர்மங்கள் எல்லாமே தீங்கற்றவை என்று கொள்ள முடியாது.

கரி மருந்தை எப்படிப் பிடிக்கிறது?

பஞ்சு நீரை உள்ளே இழுத்துக்கொள்வது உட்கவர்தல். சமையலறைப் புகை சுவரில் படிவதுபோல, ஒரு பொருள் மற்றொன்றின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்வது பரப்புக்கவர்தல். கரி செய்வது இரண்டாவது வேலையை. ஆகவே கரியின் எடையைவிட அதன் மேற்பரப்பே முக்கியம். நன்றாகத் தயாரித்த கிளர்வுற்ற கரியில், அதாவது கடைகளில் ஆக்டிவேட்டட் கார்பன் என்று விற்பதில், ஒரு கிராமுக்கு 500 முதல் 1500 சதுர மீட்டர் வரை மேற்பரப்பு இருக்கும். ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், நான்கு கிராம் கரிக்குள், அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டித் தூளுக்குள், ஒரு ஏக்கர் பரப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தேயிலைக்காரர்களிடம் இதைச் சொன்னவுடன் கணக்கு விளங்கிவிடுகிறது.

அந்தப் பரப்பு எல்லாம் துளைகளின் உட்சுவர். 2 நானோமீட்டருக்குக் குறைவானவை நுண்துளைகள், 2 முதல் 50 வரை இடைத்துளைகள், அதற்கு மேல் பெருந்துளைகள். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் மூலக்கூறுகள் ஒரு நானோமீட்டரை ஒட்டிய அளவினவாதலால் நுண்துளைக்குள் பொருந்திக்கொள்ளும்; ஆனால் அங்கே போய்ச் சேர அகலமான வழியும் வேண்டும். நுண்துளை மட்டும் இருந்து இடைத்துளை இல்லாத கரி, உள்ளே அறைகள் இருந்தும் நடைவழி இல்லாத வீட்டைப் போன்றது.

துளையில் போய் அமர்வதோடு முடிந்துவிடுவதில்லை. கரி என்பது அறுகோணக் கார்பன் வளையங்கள் தட்டுத் தட்டாக அடுக்கியது. டெட்ராசைக்ளினிலும் சிப்ரோபிளாக்சசினிலும் அதே போன்ற தட்டையான வளையங்கள் உள்ளன. அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வளையத்திலுள்ள எலக்ட்ரான்களின் ஈர்ப்பால் நிற்கும். கரியின் விளிம்புகளில் உள்ள ஆக்சிஜன் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்படுத்தும். இவற்றோடு மின்சுமையும் சேர்கிறது: கரியும் மருந்தும் எதிரெதிர்ச் சுமை கொண்டிருந்தால் ஈர்க்கும், ஒரே சுமை என்றால் விலக்கும். அதைத் தீர்மானிப்பது நீரின் பி.எச்., அதாவது அதன் அமில, காரத் தன்மையின் அளவு.

அப்படியானால் எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் ஒரே கரி பிடித்துவிடுமா?

பிடிக்காது. டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் இரண்டும் கரிக்கு எளிதாக வசப்படும். சல்பாமெத்தாக்சசோல் என்னும் சல்பா வகை மருந்து அவ்வாறில்லை. நடுநிலை நீரில் அது எதிர்மின்சுமை கொண்டிருக்கும். தாவரக் கரியின் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்டதே. ஆகவே அது நீரிலேயே நின்றுவிட முயலும், கரி தீரும்போது முதலில் வெளியே வருவதும் அதுவாகவே இருக்கும். ஒரு மருந்தை வைத்து மட்டும் சோதித்துவிட்டு "ஆன்டிபயாட்டிக்கை நீக்கும் கரி" என்று பெயர் வைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, சல்பா மருந்தில் சோதித்தீர்களா என்பதை.

எங்கள் ஊர்க் கழிவில் கரிக்கு ஏற்றது எது?

இந்தக் கேள்விக்கே அதிக நேரம் கொடுக்க விரும்புகிறேன்.

ஒப்பிடுவதற்கான அளவுகோல் தேங்காய்ச் சிரட்டை. கடினமானது, சாம்பல் குறைவு, நுண்துளை மிகுதி. காங்கேயம் பகுதியில் சிரட்டைக் கரி ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஆனால் சிரட்டை மலைக்கு வெளியிலிருந்து வருவது.

நம்மிடம் மிகுதியாக இருப்பது தேயிலை. தொழிற்சாலையில் சலித்து ஒதுக்கும் நாரும் காம்பும் நல்ல மூலப்பொருள், எளிதில் கரியாகும். இருந்தாலும் அதை விருப்பம்போல வாங்கவோ விற்கவோ முடியாது. கலப்படத்தைத் தடுக்க 1959-இல் வந்த தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை அதற்கு உரிமம் கேட்கிறது. அதனால் பள்ளிகளுக்கும் சிறு குழுக்களுக்கும் நான் பரிந்துரைப்பது டீக்கடைச் சக்கையை. வடித்துப் போட்ட சக்கையை மூன்று நான்கு முறை வெந்நீரில் அலசி, நீர் நிறமற்று வரும்வரை கழுவி, கூரைத் தகரத்தில் காயவைக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த சக்கை கெட்டு நாறும்; அதைத் தவிர்த்து, டிக்காஷன் இறக்கிய சக்கையை மட்டும் தனி வாளியில் போட்டுத் தரும்படி கடைக்காரரிடம் கேட்டுப் பெறுங்கள்.

தைலம் காய்ச்சிய கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலைச் சக்கை அடுத்தது. காய்ச்சும் கொட்டகைகளைச் சுற்றி மலைபோல் குவிந்திருக்கும். எஞ்சிய எண்ணெய் சூடேற்றும்போது கடும் புகையாக வெளிவருவதால், அந்தப் புகையை எரித்துவிடும் அமைப்புள்ள உலையில்தான் இதைக் கரியாக்க வேண்டும். சீகை (வாட்டில்) மரத்தின் தூளும் கிளையும் அடர்த்தியான கரி தரும். முதுமலையிலிருந்து அகற்றப்படும் உண்ணிச்செடியின் தண்டும் அப்படியே. இவற்றில் ஒரு கவலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: கழிவுக்கு விலை வந்துவிட்டால் கழிவல்லாததையும் வெட்டத் தொடங்குவார்கள். அகற்றியே தீர வேண்டிய அயல் தாவரத்தை மட்டும் எடுங்கள். சோலையின் ஒரு குச்சியும் இதற்கு வேண்டாம்.

கூடலூர்ப் பக்கத்துக் காபித் தோலும் பயன்படும். கோழி எருவிலிருந்தும் கழிவுநீர்ச் சேற்றிலிருந்தும் கரி எடுக்கலாம் என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் சாம்பல் மிகுதி, சேற்றில் உலோகங்களும் இருக்கலாம். நம் தேவைக்கு நான் அவற்றைத் தேர்வு செய்வதில்லை.

எதை எடுத்தாலும் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். நன்கு உலர்ந்த பொருளில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் கரியாக மிஞ்சும். துளைகளைத் திறந்து கிளர்வூட்டிய பின் அதுவும் பாதியாகச் சுருங்கலாம்.

அடுப்புக் கரி, உயிர்க்கரி, கிளர்வுற்ற கரி: இவற்றுள் என்ன வேறுபாடு?

அடுப்பில் மிஞ்சுவது பாதி எரிந்தது. அதன் துளைகளில் தாரும் சாம்பலும் அடைத்திருக்கும். காற்றுப் புகாத கலத்தில் 400 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி எடுப்பது உயிர்க்கரி. விவசாயிகள் பயோசார் என்று அறிந்திருப்பது இதைத்தான். அந்தக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியிலோ கார்பன் டை ஆக்சைடிலோ வைத்துத் துளைகளைத் திறந்தால் கிளர்வுற்ற கரி. பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 400 முதல் 600 டிகிரியில் சூடேற்றியும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அதைவிட உயர்ந்த வெப்பத்திலும் இதைச் செய்யலாம்.

வேறுபாட்டைச் சொல்லி விளக்குவதைவிடக் காட்டுவது எளிது. மூன்று கண்ணாடிப் புட்டிகளில் ஒரே அளவு மெத்திலீன் நீலச் சாயக் கரைசலை ஊற்றி, ஒன்றில் அடுப்புக் கரித் தூள், ஒன்றில் டீச்சக்கைக் கரி, ஒன்றில் கடையில் வாங்கிய சிரட்டைக் கிளர்வுற்ற கரி என ஒரே எடையில் போட்டுக் குலுக்கி, ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுவேன். வகுப்பு முடியும் நேரத்தில் சிரட்டைப் புட்டியில் நீலம் இருக்காது. கரி அடியில் படிந்து, மேலே கண்ணாடிபோல் நீர் நிற்கும். டீச்சக்கைப் புட்டி வெளிர்நீலத்துக்கு வந்திருக்கும். அடுப்புக் கரிப் புட்டியில் காலையில் இருந்த நிறமே ஏறக்குறைய அப்படியே இருக்கும். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில், ஒரு மாணவி மூன்று புட்டிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், மூணும் கரிதானே?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்குரிய விடைதான் மேலே எழுதியது.

நான் முதன்முறை செய்த டீச்சக்கைக் கரியைக் கழுவாமல் பயன்படுத்தினேன். தேயிலையில் பொட்டாசியம் மிகுதி. சாம்பல் நீரில் கரைந்து, பி.எச். தாள் கருநீலமாக மாறி 10-ஐ நெருங்கியது. அன்றைய முடிவுகள் எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டியதாயிற்று. கரியைப் பலமுறை கழுவி, கழுவிய நீரின் பி.எச். நிலைபெற்ற பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.

அமிலமோ காரமோ வைத்து வீட்டிலேயே கிளர்வூட்டலாமா?

வேண்டாம். சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரித்துவிடும். கழுவும் நீரை மீட்டெடுத்து நடுநிலையாக்கும் வசதி இல்லாமல் சாக்கடையில் விட்டால், ஒரு மாசை நீக்கப் போய் மற்றொன்றை ஓடையில் சேர்த்தவர்களாவோம்.

ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு கிராம் கரி நூற்றுக்கணக்கான மில்லிகிராம் மருந்தைப் பிடிக்கும் என்கிறார்களே, அதை நம்பலாமா?

அந்த எண் பொய்யன்று. ஆனால் அது பிறந்த சூழல் வேறு. காய்ச்சி வடித்த நீரில், லிட்டருக்குப் பல மில்லிகிராம் மருந்தைக் கரைத்து, அந்த ஒரு பொருளை மட்டும் கரிக்குக் கொடுத்துப் பெற்ற உச்ச அளவு அது. உண்மையான கழிவுநீரில் மருந்து அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. நீர்மத்தில் செறிவு குறையக் குறையக் கரி பிடிக்கும் அளவும் குறையும் என்பதை 1918-இல் வேதியியலாளர் லாங்மியூர் தந்த சமன்பாடே சொல்கிறது.

மற்றொரு காரணம் நம் மலைக்கே உரியது. புல்வெளிகளுக்கு நடுவேயுள்ள சதுப்பு நிலங்களில், மட்கிய தாவரப் பொருள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து கரிமண்ணாகக் கிடக்கிறது. அவற்றிலிருந்து வரும் நீர் மழைக்குப் பின் டிக்காஷன் போலப் பழுப்பேறி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழுப்பு ஹியூமிக் அமிலங்கள் போன்ற பெரிய மூலக்கூறுகளால் வருவது. அவையும் கரியின் மேல் இடம் பிடிக்கும். துளைகளின் வாயை அடைத்து மருந்தை உள்ளே விடாது. ஆகவே நீலகிரியில் ஒரு கரியைச் சோதிப்பவர், அந்த நீரிலேயே மருந்தைக் கரைத்துச் சோதிக்க வேண்டும். நீர் குளிர்ந்திருப்பதால் மூலக்கூறு துளைக்குள் நகர்வதும் மெதுவாகும். உறைபனிக் காலத்துக் காலை நேரத்தில், நீர் கரியைத் தொட்டிருக்கும் நேரத்தைக் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

கரி மூட்டைகளை ஊட்டி ஏரியில் இறக்கிவிட்டால் என்ன?

நல்ல எண்ணத்தோடு பலர் கேட்கிறார்கள். பயன் இருக்காது. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டப்பட்ட அந்த ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரத்துக் கழிவுநீர் வந்துகொண்டே இருக்கிறது. ஏரி நீர் மூட்டைக்குள் புகுந்து வெளியேற எந்த உந்துதலும் இல்லை. மூட்டையின் வெளிப்புறக் கரி சில வாரங்களில் பாசி பிடித்து அடைபடும். மருந்து செறிவாகவும் நீர் குறைவாகவும் உள்ள இடத்தில் கரியை வைப்பதே அறிவுடைமை. அந்த இடம் மருத்துவமனையின் வடிகால்; அதுவும் திடப்பொருளும் அழுக்கும் ஏற்கெனவே நீக்கப்பட்ட பின், கடைசிக் கட்டத்தில்.

சுவிட்சர்லாந்து 2016 முதல் தன் பெரிய கழிவுநீர் நிலையங்களில் ஓசோனையோ கரியையோ இப்படிக் கடைசிக் கட்டமாகச் சேர்த்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய விதியில், இந்தக் கூடுதல் கட்டத்துக்கான செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்று எழுதியது. மாசு எங்கே தொடங்குகிறதோ அங்கேயே செலவையும் வைக்கும் இந்த முறை எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஒரு சிறிய மருத்துவமனைக்கு எவ்வளவு கரி தேவைப்படும்?

50 படுக்கைகள் என்று கொள்வோம். நூறு படுக்கைக்குட்பட்ட மருத்துவமனைக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 340 லிட்டர் என்பது இந்திய நீர்வழங்கல் கணக்கு. ஆக நாளுக்கு 17,000 லிட்டர். மணிக்கு ஏறத்தாழ 710 லிட்டர். கரிப் படுகையைக் கடக்க நீருக்கு இருபது நிமிடம் கொடுப்பதானால், படுகையின் கொள்ளளவு சுமார் 240 லிட்டர் இருக்க வேண்டும். அது ஒரு பெரிய பீப்பாயைவிடச் சற்றுக் கூடுதல். அதை நிரப்ப ஏறத்தாழ 120 கிலோ குருணைக் கரி பிடிக்கும். காலையில் வெள்ளமாகவும் இரவில் துளித்துளியாகவும் வரும் கழிவுநீரைச் சீராக அனுப்ப முன்னால் ஒரு தொட்டி அவசியம்; அது இல்லாமல் மேற்கண்ட கணக்கு நிற்காது. படுகைகளை இரண்டாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக நீரைச் செலுத்துவது நல்லது. முன்னது தீர்ந்ததும் பின்னதை முன்னே கொண்டுவந்து, புதிய கரியைப் பின்னால் வைக்கலாம்.

இதில் டீச்சக்கைக் கரி எங்கே பொருந்தும்? அது பொடியாக உதிர்வது. பீப்பாயில் நிரப்பினால் நீர் இறங்காது. குருணைப் படுகைக்குச் சிரட்டைக் கரியே சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொடிக் கரியைத் தொட்டியில் தூவிக் கலக்கி, படியவிட்டு, மணல் வடிகட்டியில் பிடிக்கும் முறைக்கு டீச்சக்கைக் கரி ஏற்றது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதம் போட்டால் மேற்சொன்ன மருத்துவமனைக்கு நாளுக்கு 340 கிராம் போதும். நான் சொன்ன அளவு நன்கு கிளர்வூட்டிய கரிக்கு உரியது. வெறும் உயிர்க்கரியானால் பல மடங்கு கூடும்.

நானே கரி செய்து வீட்டுக் குடிநீரை வடிகட்டலாமா?

கூடாது. சரியான வெப்பத்தை எட்டாத கரியில், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய தார்ச் சேர்மங்கள் தங்கியிருக்கும். கரி கிருமியைக் கொல்வதும் இல்லை. ஈரமான கரிப்படுகை பாக்டீரியாக்களுக்கு நல்ல குடியிருப்பு. வீட்டில் வடிகட்டி உள்ளவர்கள், அதிலுள்ள கரிக் கட்டியைத் தயாரிப்பாளர் சொன்ன கால அளவில் மாற்றினால் போதும். ஆர்.ஓ. கருவிகளுக்குள்ளும் சிரட்டைக் கரி ஏற்கெனவே இருக்கிறது.

கரி, எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமியையும் அதன் மரபணுவையும் நீக்குமா?

நம்பும் அளவுக்கு நீக்காது. கரி மருந்தைப் பிடிக்கும். கிருமிக்குக் குளோரினோ புற ஊதா ஒளியோ தனியாக வேண்டும்.

மருந்து நிரம்பிய கரியை என்ன செய்வது? தோட்டத்துக்குப் போடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் திட்டம் போடும் யாருக்கும் நான் உதவுவதில்லை. கரி மருந்தை அழிக்கவில்லை. நீரிலிருந்து எடுத்துத் தன்மேல் வைத்துக்கொண்டிருக்கிறது. நீரின் பி.எச். மாறினாலோ, தூய நீர் பட்டாலோ அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். உயிர்க்கரி மண்ணுக்கு நல்லது என்று கேட்டுப் பழகிய விவசாயிகள், மருத்துவமனைக் கரியையும் கேரட் பாத்தியில் போட முன்வருவார்கள். மருந்தும், அதைத் தாங்கும் கிருமியும் ஒன்றாகக் குடியிருக்கும் பொருளை மண்ணில் சேர்ப்பது, ஓடையிலிருந்து எடுத்ததைச் சாப்பாட்டுத் தட்டுக்கு அருகில் வைப்பது போலாகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெரிய அளவில், குருணைக் கரியை ஆக்சிஜன் குறைந்த உலையில் 800 டிகிரியை ஒட்டிச் சூடேற்றி மீட்கலாம்; ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரை கரி இழப்பாகும். மலையில் அப்படி ஓர் உலை வைப்பது கட்டுப்படியாகாது. சமவெளியில் கரி தயாரிப்போரிடம் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தை வாங்கும்போதே செய்துகொள்ள வேண்டும். பொடிக் கரியை மீட்க முடியாது. அதை உரிமம் பெற்ற எரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தச் செலவைச் சேர்க்காமல் "கழிவிலிருந்து மலிவான கரி" என்று சொல்வது அரைக் கணக்கு.

இதற்கு அரசின் வரம்பு ஏதும் இல்லையா?

மருந்து ஆலைக் கழிவுநீரில் எந்த ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வகுக்கும் வரைவு விதியை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021-இல் வந்த இறுதி அறிவிப்பில் அந்த வரம்புகள் இடம்பெறவில்லை. அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் மருந்து உற்பத்திக் கழிவுநீருக்கு முதன்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. அது வழிகாட்டுதல் மட்டுமே. மீந்த மாத்திரைகளைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவமனைகளின் காலாவதி மருந்துகளை மஞ்சள் நிறத்தால் குறிக்கும் தனிக் கழிவு வகையில் சேர்க்கின்றன. ஆகவே மருத்துவமனை எதையும் கழிப்பறையில் கொட்டக் காரணமில்லை.

மாணவர்கள் இதை எப்படிச் சோதிக்கலாம்?

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கல்லூரியில் புற ஊதா நிறமாலைமானி இருந்தால், டெட்ராசைக்ளினை 357 நானோமீட்டர் அலைநீள ஒளியை ஒட்டியும் சிப்ரோபிளாக்சசினை 275-ஐ ஒட்டியும் அளக்கலாம். மில்லிகிராம் அளவுக் கரைசலுக்கு அது போதும். ஓடை நீரிலுள்ள நானோகிராமை அது காட்டாது.

மூன்று இடங்களில் மாணவர்கள் தவறுகிறார்கள். டெட்ராசைக்ளின் வெளிச்சத்தில் தானே சிதையும். குடுவையை அலுமினியத் தாளால் சுற்றாவிட்டால் வெயிலின் வேலையைக் கரியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். வடிதாளே சிறிது மருந்தைப் பிடித்துக்கொள்ளும். கரி போடாத கரைசலையும் அதே வகைத் தாளில் வடித்து ஒப்பிட வேண்டும். மூன்றாவது, வடிகட்டியில் தப்பிவரும் கரித் துகள் ஒளியை மறைத்து மருந்து மிஞ்சியிருப்பதுபோலக் காட்டும். சோதனை முடிந்த கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், தனிப் புட்டியில் சேர்த்து ஆய்வகக் கழிவோடு அனுப்புங்கள்.

எங்களிடம் இரண்டு மாடுகள்தான் இருக்கின்றன. நாங்கள் என்ன செய்ய முடியும்?

கரியே இல்லாமல் செய்யக்கூடியது உங்களிடம்தான் அதிகம். மடிநோய்க்குக் கால்நடை மருத்துவர் ஊசி போட்டால், அவர் சொன்ன நாள்வரை பாலைக் கறந்து ஊற்றிவிடுவதுபோலச் சாணத்துக்கும் ஒரு நாள்கணக்கு வையுங்கள். அந்த நாட்களின் சாணத்தையும் தொழுவம் கழுவிய நீரையும் ஓடைப் பக்கம் விடாமல், சரிவின் மேல்புறத்தில் மண்கரை கட்டிய தனிக் குழியில் சேர்த்து, இலைதழையோடு மட்கவையுங்கள். குழி சூடேறி நன்றாக மட்கும்போது டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் பெரும்பகுதி சிதைந்துவிடும். சிப்ரோபிளாக்சசின் இனத்து மருந்துகள் அதைவிட நெடுநாள் நிற்கும். ஆகவே என்ன ஊசி என்று மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் பெயரையும் தேதியையும் தொழுவத்துக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் குழிக்கு மேல் ஒரு பழைய தார்ப்பாய் போதும்.